முதலில் இலையைப் பாருங்கள்: பழைய பூப்போட்ட துணிகளின் வடிவமும் நிறமும்

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்தபோது பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று, வாயில் புடவை இரண்டு, ஒரு மூட்டை சீட்டித் துணித் துண்டுகள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றை எப்படிப் பார்ப்பது, நிறத்தையும் பூவையும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியுமா, துவைக்கலாமா, சென்னை ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது என்பவை உங்கள் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அந்த நிறம் துணிமேல் எந்த வழியில் ஏறியது என்று கண்டுபிடிப்பது. அது பிடிபட்டால் பூவின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் புரியும், துணியை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பூவை விட்டுவிட்டு இலையிலிருந்து தொடங்குங்கள். பச்சைதான் அச்சுக்காரர்களுக்கு நெடுங்காலம் தொல்லை கொடுத்த நிறம். பழைய இயற்கைச் சாயங்களில் துணியில் நிலைத்து நிற்கும் தனிப் பச்சை கிடையாது. அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசித்தான் பச்சையைக் கொண்டுவந்தார்கள். அந்த மஞ்சள் கடைசியில் ஏறுவது, பலவீனமானது, வெளிச்சம் பட்டால் முதலில் போவது. கலம் என்ற எழுதுகோலால் வரைந்தோ கட்டையால் அச்சிட்டோ இயற்கைச் சாயமேற்றிய பழைய கலம்காரித் துணிகளில் இலைகள் நீலமாக இருப்பதற்கு இதுவே காரணம்; வரைந்தவர் அவற்றைப் பச்சையாகத்தான் விட்டுச் சென்றார். தையல் மடிப்புக்கு உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில் பிரித்துப் பார்த்தால் பச்சையின் மிச்சம் சில சமயம் தெரியும். நீலமும் மஞ்சளும் இரண்டு தனித்தனி அச்சுக்கட்டைகளால் பதிக்கப்பட்டிருந்தால் இலையின் ஓரத்தில் ஒரு பக்கம் மெல்லிய நீலக் கீற்றும் எதிர்ப்பக்கம் மஞ்சள் கீற்றும் பிதுங்கி நிற்கும். ஒரே அடியில் பதியும் பச்சை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. உங்கள் துணியின் இலை ஓரம் வரை ஒரே சீரான பச்சை என்றால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

இதன் பின்னால் இருக்கும் வேலை முறையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உலகம் முழுவதும் துணியில் பூப்போடும் பழக்கத்துக்குச் சோழமண்டலக் கரையின் இந்த முறை பெரிய வேர். பருத்தித் துணியைச் சாணத்திலும் வெயிலிலும் வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்பைக் கருப்பாக்கும். பாலின் கொழுப்பு, வரையும் திரவம் நூலில் பரவாமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்கவைத்த நீரால் கோடு இழுத்தால், தொட்ட கணமே கருக்கும். சிவக்க வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசி, துணியை அலசி, சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் இருக்கும் இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும்; மற்ற இடத்தில் ஒட்டியிருக்கும் இளஞ்சாயம் சாணத்திலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். பிறகு நீலமும் பச்சையும் வேண்டிய இடம் தவிர மற்ற எல்லா இடத்திலும் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுப்பார்கள். மஞ்சள் தீட்டுவது அதற்கும் பிறகு. பிரெஞ்சுப் பாதிரியார் கெர்தூ 1742-இல் எழுதிய கடிதத்தில் இந்த வேலையைப் படிப்படியாக விவரித்திருக்கிறார்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பூவைப் பாருங்கள். ஒரே இதழில் வெளிர் ரோஜா, நடுச்சிவப்பு, அடர்சிவப்பு என மூன்று சாயல் இருக்கும். மூன்று சாயம் அல்ல. படிகார நீரின் அடர்த்தி மூன்று, சாயத் தொட்டி ஒன்று. படிகாரத்தோடு இரும்பு நீரைக் கலந்தால் அதே தொட்டியிலிருந்து ஊதாவும் பழுப்பும் வரும். எல்லாம் ஒரே வேரில் பிறந்ததால் அந்த நிறங்கள் ஒன்றுக்கொன்று உறவாக இருக்கின்றன. பழைய துணிகளின் நிற இணக்கம் என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி இது. இதழுக்குள் ஓடும் தலைமுடி அளவு வெள்ளைக் கோடுகளைக் கவனியுங்கள். வெள்ளைச் சாயம் எதுவும் அங்கே இல்லை. படிகாரம் பூசுவதற்கு முன் மெழுகால் கோடு இழுத்து, துணியின் சொந்த வெள்ளையை அப்படியே காப்பாற்றியிருக்கிறார்கள். என் பார்வையில் சோழமண்டலத் துணியின் உச்சம் இந்த வெள்ளைக் கோடுதான்.

இந்த ஊரோடு இதற்கு உள்ள தொடர்பும் சாதாரணமானது அல்ல. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே மணல் திட்டில் கோட்டை கட்ட இடம் வாங்கியதற்கு இந்தப் பகுதியின் பருத்தித் துணி முக்கியக் காரணம். 1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்தித்தான் சிந்தாதிரிப்பேட்டை உருவானது. கம்பெனித் துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பு வண்ணாரப்பேட்டை. வாங்குகிறவர்களின் ருசி பூவையும் மாற்றியது: 1643-இல் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், சிவப்புத் தரை (பூவுக்குப் பின்னால் இருக்கும் நிறம்) வேண்டாம், வெள்ளைத் தரையில் நடுவே கொடியும் பூவும் வரட்டும் என்று கேட்டார்கள். ஐரோப்பாவுக்குப் போன துணிகளில் ஒரே கொடியில் தாமரை மாதிரி ஒன்று, மாதுளை மாதிரி ஒன்று, சீனப் பியோனி மாதிரி ஒன்று எனப் பூப்பதற்கு இந்தப் பல ஊர் ருசிகளின் கலப்புதான் காரணம். இலைக்குள் புள்ளி, வலை, செதில் என்று நிரப்பியிருப்பார்கள். எந்தத் தோட்டத்திலும் அப்படியொரு செடி கிடையாது. தாவரவியல் படத்தைப் போல அச்சு அசலான ரோஜாவைக் கண்டால் அது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ருசியின் வழி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உங்கள் பெட்டியில் 18-ஆம் நூற்றாண்டுத் துணி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்லும் வாயிலும் சீட்டியும் பெரும்பாலும் 1930-களுக்கும் 80-களுக்கும் இடைப்பட்ட ஆலைத் துணிகளாக இருக்கும். அதனால் மதிப்பு குறைந்துவிடாது. வேறு அடையாளங்களைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

தேவையான கருவிகள்: நகைக்கடையில் கல் பார்க்கும் 10 மடங்கு லூப், அளவு நாடா, நடுவில் 2 செ.மீ. துளையிட்ட சாம்பல் நிற அட்டை, வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு. கூடவே ஒரு புற ஊதா டார்ச். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க என்று விற்பதில் பலவற்றின் ஒளி அலைநீளம் 395 நானோமீட்டர். 365 என்று கேட்டு வாங்குங்கள். காலை பத்து மணி வாக்கில் வடக்குப் பார்த்த ஜன்னலோரம், நேர் வெயில் படாத மேசையில் விரியுங்கள். டியூப்லைட்டில் பார்த்து நிறத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள் தி. நகர் தெருவுக்கு வந்ததும் வேறுவேறாகத் தெரிவது புடவை எடுத்த எல்லோருக்கும் தெரியும்.

முதலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கண்ணில் படுவது பூவா, பூக்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமா? நல்ல வடிவத்தில் அந்த வெற்றிடமும் ஒரு வடிவமாக இருக்கும். மோசமானதில் தரை அங்கங்கே ஆறுபோல் குறுக்காக ஓடி, பூக்கள் வரிசை கட்டி நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் அடுத்த வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கிப் பதிக்கும் ஹாஃப்-டிராப் அமைப்பு. வடிவம் எங்கே திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய பூவைப் பின்தொடராதீர்கள். ஒரு வளைந்த மொட்டு, ஒடிந்த காம்பு என ஏதாவது ஒரு சின்ன விநோதத்தைப் பிடித்துக்கொண்டு, அது மறுபடி வரும் இடம் வரை நீளவாக்கில் அளந்து பாருங்கள். அந்த அளவு ஒரு சாட்சி. கையால் பதிக்கும் அச்சுக்கட்டை ஒரு கையில் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும், ஆகவே 10 முதல் 25 செ.மீ. செதுக்கிய செப்பு ரோலரில் அதன் சுற்றளவுதான் எல்லை, பெரும்பாலும் அரை மீட்டருக்குள் அடங்கும். சரியாக 64 செ.மீ. வந்தால் சுழலும் ஸ்கிரீனை, அதாவது சாயத்தைக் கண்கள் வழியே துணியில் தள்ளும் வலை உருளையை, நினைக்கலாம். அந்த இயந்திரம் 1960-களில் வந்தது. அரை மீட்டரைத் தாண்டிய பெரிய பூ என்றால் கையால் தள்ளும் தட்டை ஸ்கிரீனாகவும் இருக்கலாம்.

இனி லூப். அச்சுக்கட்டையில் பதித்ததென்றால் நிறத்தின் விளிம்பில் சாயம் ஒதுங்கி ஒரு அடர்ந்த கோடு நிற்கும், கட்டைகள் சேரும் இடத்தில் ஒரு நூலளவு மேலேறலோ இடைவெளியோ இருக்கும், மூலைகளில் கட்டையை நிறுத்த வைத்த ஊசிப்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு பதிவும் கொஞ்சம் வேறாக இருக்கும். ரோலர் அச்சில் கோடுகள் மிக மெல்லியவை, நிழல் புள்ளிகளாலும் கீற்றுகளாலும் ஆனது. நிறம் விலகியிருந்தால் ஒவ்வொரு பூவிலும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் விலகியிருக்கும். ரோலரின் மேல் உபரிச் சாயத்தை வழிக்கும் கத்தியில் தூசி மாட்டினால் துணி நீளத்துக்கு ஒரு மெல்லிய கீறல் ஓடும். அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம், ரோலர்தான். 1783-இல் தாமஸ் பெல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் வழிவந்தது அது. ஸ்கிரீன் அச்சில் நிறம் தட்டையாகப் பரந்து கிடக்கும், வளைவான விளிம்பில் வலைக்கண்ணின் படிக்கட்டுத் தெரியும். இழுத்த தூரிகைக் கோட்டை அப்படியே காட்ட ஸ்கிரீனால் முடிந்தது. 1950-60-களின் பெரிய, கோட்டைத் தாண்டி வழியும் பூக்கள் இதனால்தான் பிறந்தன. அங்கே நிறம் விலகியிருப்பதைப் பிழை என்று எண்ண வேண்டாம், பல சமயம் வேண்டுமென்றே விட்டது.

துணியைத் திருப்பியும் பாருங்கள். சாயத் தொட்டியில் முக்கி எடுத்ததில் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அடர்த்தி இருக்கும். பிசினோடு மேலே ஒட்டிய பிக்மென்ட் அச்சில் பின்பக்கம் வெளிறி, தொட்டால் கொஞ்சம் விறைப்பாக, மடிப்பில் வெள்ளையாகத் தேய்ந்திருக்கும். பழையது என்று விற்கப்படும் ஒரு துணியில் லூப்பின் கீழே பச்சையும் பழுப்பும் நீல, சிவப்பு, மஞ்சள் பொடிப்புள்ளிகளாகப் பிரிந்தால் அது டிஜிட்டல் அச்சு, வாங்காதீர்கள்.

நிறத்தை வைத்துக் காலம் சொல்லும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு சாயம் கண்டுபிடித்த ஆண்டு, துணி அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே சொல்லும். பளிச்சென்ற செயற்கை ஊதா 1856-க்கு முன் இல்லை. செயற்கை அவுரி 1897-இல் சந்தைக்கு வந்தது. கண்ணாடிபோல் தெளிந்த மயில்நீலப் பச்சை பெரும்பாலும் 1935-இல் வந்த தாலோசயனின் என்ற செயற்கை நிறமிகளின் குடும்பம். நூலோடு வேதியியலாகப் பிணைந்து, துவைக்கத் துவைக்கப் போகாத பளபள நிறங்கள் 1956-க்குப் பிந்திய ரியாக்டிவ் சாயங்கள். தரை வெள்ளை புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி இருக்கிறது, 1940-களுக்குப் பிறகுதான் அது பரவியது. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. இன்றைய சலவைத்தூளிலும் அதே வெண்மையூட்டி இருப்பதால், போன ஆண்டு துவைத்த நூறாண்டுத் துணியும் ஒளிரும். மடித்துத் தைத்த உள்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள், அங்கே ஒளிராவிட்டால் அது சலவையில் வந்தது. பெட்டியில் வழுவழுப்பான நைலக்ஸ் அல்லது பூனம் ரகச் செயற்கை இழைப் புடவை இருந்தால் மேலே சொன்ன பருத்திக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

நிறங்களை ரசிக்க அந்தத் துளையிட்ட அட்டை உதவும். பூவின் நடுச்சிவப்பின் மேல் வைத்து, அந்த நிறத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். பிறகு அட்டையை எடுங்கள். தனியே செங்கல்போல் மந்தமாக இருந்தது, பச்சை இலைக்குப் பக்கத்தில் எரிவதுபோல் சிவக்கும். பாரிஸின் கோபெலின் சாயக்கூடத்தில் கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்த வேதியியலாளர் ஷெவ்ரெல், சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலம்தான் கருப்பைக் கெடுத்தது என்று கண்டார். 1839-இல் வந்த அவர் புத்தகத்தின் கரு அதுதான். அடுத்து நிறங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை, ஒரு ரோலர் அல்லது ஒரு ஸ்கிரீன் வேண்டும், ஒவ்வொன்றும் செலவு. கண்ணுக்கு ஏழு நிறம் தெரியும் துணியில் உண்மையில் ஐந்துதான் இருக்கலாம். மீதி இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பிறந்தவை. எங்கே எது விழுகிறது என்று முன்கூட்டியே கணக்கிட்டவரின் மூளை அங்கே தெரியும். ஆடம்பரமான பன்னிரண்டு நிறத் துணியைவிட இப்படிச் சிக்கனமாகச் செய்த நாலு நிறச் சீட்டி எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

புடவைகளை மேசையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாராவது கட்டிக்கொள்ள, அல்லது துணி உறுதியாக இருந்தால் கொசுவம் வைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். கொசுவத்தின் அகலம் சுமார் 12 முதல் 15 செ.மீ. அதைவிடப் பெரிய பூ மடிப்பில் வெட்டுப்பட்டு நிறத்திட்டாக மட்டுமே நிற்கும். சின்னப் புட்டா முழுசாக நிற்கும். வாயில் புடவைகளில் உடம்பில் சின்னப் பூவும் முந்தியில் பெரிய பூவும் வருவது இந்தக் கணக்கில்தான். ஒரே திசையில் மேல்நோக்கி நிற்கும் பூக்கள் தோளைத் தாண்டியதும் முதுகில் தலைகீழாகும், அதனால் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் பூக்களை நாலாபக்கமும் திருப்பிப் போட்டார்கள்.

துவைப்பதற்கு வருவோம். முதல் பதில்: அவசரம் வேண்டாம். ஈரமாக்கிய வெள்ளைப் பருத்தித் துண்டை, கண்ணில் படாத ஓரத்தில், ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு, கருப்பு, ஊதா மூன்றையும் தவறாமல் சோதியுங்கள். துண்டில் சாயல் ஏறினால் தண்ணீரில் போடக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சில சாயங்கள் அந்தத் தொட்டியில் மட்டும் குறைவாகக் கசியும், அடுத்த அலசலில் மறுபடி போகும். உப்பு எதையும் நிரந்தரமாகப் பிடித்து வைப்பதில்லை. எலுமிச்சையும் சலவைச் சோடாவும் வேண்டவே வேண்டாம், இயற்கைச் சாயங்கள் புளிப்பிலும் காரத்திலும் நிறம் மாறும்.

கருப்பு அல்லது அடர்பழுப்புக் கோடுகள் ஓடும் இடத்தில் துணி பொடிந்து, கோடு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை தெரிகிறதா? சாயத்திலிருந்த இரும்பு பருத்தியை அரித்திருக்கிறது. வீட்டில் இதை நிறுத்த வழியில்லை. துவைக்காமல், பின்னால் மெல்லிய மல் துணியை வைத்துத் தளர்வான தையலில் தாங்கிக் கொடுப்பது மட்டுமே செய்யலாம், அதுவும் பொடியாத இடத்தில் ஊசி போட்டு.

சாயம் போகாத, உறுதியான துணி என்றால்: அகலத் தொட்டி, ஆர்.ஓ. தண்ணீர், சாதாரணச் சூடு. நகரத்தின் பல வீடுகளில் போர் தண்ணீரில் இரும்பு இருக்கும், அது வெள்ளைத் தரையில் மஞ்சள் கறையை விட்டுச்செல்லும். துணியை ஒரு கொசுவலைத் துண்டின் மேல் பரப்பி, வலையோடு இறக்கி வலையோடு தூக்குங்கள். நனைந்த பருத்தித் துணி தன் எடையாலேயே கிழியும். ஐந்து லிட்டருக்கு நிறமும் மணமும் வெண்மையூட்டியும் இல்லாத திரவச் சோப்பு ஒரு தேக்கரண்டி போதும். பத்து நிமிடம் மெல்ல அழுத்தி விடுங்கள், நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள், முறுக்காதீர்கள். பழைய பருத்தித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி, நிழலில், மின்விசிறிக்குக் கீழே தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கஞ்சி போடக் கூடாது. அந்துப்பூச்சி பருத்தியைத் தொடாது. கஞ்சிக்காக வரும் இராமபாணப் பூச்சிதான் பருத்தியை அரிக்கும்.

எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சைப் புள்ளி பிடிக்கும், அந்தப் பழுப்புப் புள்ளியைப் பிறகு எடுக்க முடியாது. மூன்று நான்கு தடவை கஞ்சியில்லாமல் துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, அதே டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். பெட்டியின் உள்ளே துரு இருந்தால் சுரண்டி, துணி விரித்த பிறகு. மரப் பீரோவானாலும் தட்டில் துணி விரித்தாக வேண்டும். படுக்கை விரிப்பை மடிப்பதைவிட, துணி சுற்றிய அகலக் குழாயில், பூ வெளிப்பக்கம் வர, உருட்டுவது மேல். மடித்தே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கோட்டில் மடியுங்கள். அந்துருண்டை, வேப்பிலை, வசம்பு எதுவானாலும் பையில் போட்டுத் துணியில் படாமல் வையுங்கள். தை, மாசியில் ஒருநாள் நிழலில் காற்றாட விரியுங்கள்.

சுவரில் மாட்ட ஆசை இருந்தால், மேற்குச் சுவரும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் கூடாது. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் ஒளிதான் அனுமதிப்பார்கள், அது நம் கூடத்தின் பகல் வெளிச்சத்தைவிட மிகக் குறைவு. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஓய்வு கொடுத்தால் திரும்பாது. அதனால் மூன்று மாதம் மாட்டி, மீதி ஆண்டு உள்ளே வைப்பது சரியான கணக்கு.

கண்ணைப் பழக்க, இயற்கைச் சாயத்தில் புதிதாகச் செய்த துணியை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் கைவினைப் பிரிவில் கலம்காரி இன்றும் நடக்கிறது. ஶ்ரீகாளஹஸ்திக்குச் சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். அங்கே கலம் பிடித்து வரைவதைப் பார்க்கலாம். அச்சுக்கட்டைக் கலம்காரிக்கு மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனா. உங்கள் விரிப்பின் இலை ஓரத்தையும், ஒரு பூவின் நெருக்கப் படத்தையும், பின்பக்கத்தையும், நெசவு ஓரத்தையும் இயற்கை வெளிச்சத்தில், பக்கத்தில் அளவு நாடா வைத்துப் படமெடுத்து அனுப்பினால், அது கட்டையா ரோலரா ஸ்கிரீனா என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.